கப்பலுக்குத் திறக்கும் கரை காணிக்காரருக்கும் திறக்குமா?

அந்தாட்டிக்காவில் நிரந்தரக் குடிமக்கள் எவரும் இல்லை. வாக்காளர் இடாப்பு இல்லை, பிரதேச சபை இல்லை, காணி உறுதி இல்லை. ஆனாலும் அங்கு சொகுசுக் கப்பலில் போகும் பயணி ஒரே நேரத்தில் எத்தனை பேருடன் கரையிறங்கலாம், பென்குயின்களிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், சப்பாத்தை எப்படிக் கழுவிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

காங்கேசன்துறையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள். உறுதி இருக்கிறது, கோயில் இருக்கிறது, கிணறு இருக்கிறது. 2023 ஜூன் 16ஆம் திகதி இந்தியாவின் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் அங்கே வந்தது. புதிய பயணிகள் முனையத்தை அன்றைய துறைமுக அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வா திறந்துவைத்தார். அந்த நாளில் வடமாகாண சபை இயங்கவில்லை. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. வலிகாமம் வடக்குப் பிரதேச சபையும் இயங்கவில்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போடப்பட்டிருந்தது. அதாவது, கப்பல் வந்த அன்று அந்தக் கரையின் சார்பில் பேசுவதற்கு மக்கள் தெரிவுசெய்த சபை ஒன்றுகூட இருக்கவில்லை.

இந்த இரண்டு கரைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் இருப்பது இரண்டிலும் அல்ல. கண்டிக்குக் கிழக்கே மகியங்கனை வீதியில், குண்டசாலையும் திகணவும் கடந்து வரும் தெல்தெனியவில் இருந்து எழுதுகிறேன். கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கப்பலில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் பழைய ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது. அதன் மேல் விரிந்திருக்கும் நீர்ப்பரப்பு இன்று ஒரு சுற்றுலாக் காட்சி. கரை கைமாறுவது எப்படியென்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

பனிக்கட்டியைப் பார்க்கப் போகிறவர்கள்

முதலில் துருவப் பகுதிகளின் கணக்கைப் பார்ப்போம். அந்தாட்டிக்காவுக்கு ஒழுங்கான சுற்றுலாப் பயணம் 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவரால் தொடங்கப்பட்டது. 1992–93 பருவத்தில் அங்கு சென்றோர் ஏறத்தாழ 6,700 பேர். 2023–24 பருவத்தில் அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்து 22 ஆயிரத்தைத் தாண்டியது. இவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் கரையில் கால் வைக்காமல் கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்.

ஆர்க்டிக் பக்கமும் இதே கதைதான். முன்னர் பனி உடைக்கும் கப்பல்களே தயங்கிய வடமேற்குக் கடல்வழியை, 2016இல் ‘கிறிஸ்டல் செரினிட்டி’ என்ற பெரிய சொகுசுக் கப்பல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளுடனும் பணியாளர்களுடனும் கடந்தது. பனி உருகுவதால் வழி திறக்கிறது. வழி திறப்பதால் கப்பல் போகிறது. கப்பல் கக்கும் புகையும் கரியும் உருகலுக்குத் தம் பங்கைச் சேர்க்கின்றன. அழிவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று புறப்படுகிற பயணமே அழிவைக் கொஞ்சம் விரைவுபடுத்துகிறது.

இதைக் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது? 1959 டிசம்பர் 1இல் கையெழுத்தான அந்தாட்டிக்கா ஒப்பந்தம் அந்தக் கண்டத்தில் இராணுவத் தளங்களையும் போர்ப் பயிற்சிகளையும் தடைசெய்தது. 1991இல் மாட்ரிட் சுற்றாடல் நெறிமுறை வந்தது. அதே ஆண்டு சுற்றுலா நிறுவனங்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்கக்கூடாது என்ற விதிகளை அவை பின்பற்றுகின்றன. அடர்ந்த எரிநெய்க்கு 2011 முதல் அந்தக் கடலில் தடை இருக்கிறது.

இது போதுமான ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை பேர் போகலாம் என்ற வரம்பு இன்னமும் இல்லை. 2024 மே மாதம் கேரளத்தின் கொச்சியில் நடந்த ஒப்பந்த நாடுகளின் 46ஆவது கூட்டம் சுற்றுலாவை ஒழுங்குபடுத்தத் தனிப் பணிக்குழு அமைத்துப் பேசத் தொடங்கியது. ஆனாலும் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. அங்கே முதலில் இராணுவம் வெளியே நிறுத்தப்பட்டது; பிறகுதான் பயணிகளைப் பற்றிய பேச்சு வந்தது. எங்கள் கரையில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

காங்கேசன்துறையின் வரிசை

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறினார்கள். சீமெந்துத் தொழிற்சாலை அத்துடன் மூடப்பட்டது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013இல், 6,381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இன்னும் ஒரு பகுதி படையினரிடமே இருக்கிறது. நலன்புரி முகாமில் பிறந்து, அப்பாவின் வளவை வேலிக்கு வெளியே நின்று மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமே பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

அதே கரையில் இராணுவம் நடத்தும் ‘தல்செவன’ விடுதி பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. தெற்கிலிருந்து வரும் குடும்பம் அறை எடுத்துத் தங்கி, காலையில் கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். காணிக்காரர் தம் வளவுக்குப் போக அனுமதி கேட்டுக் காத்திருந்த காலத்திலும் விடுதிக்கு வந்தவருக்கு வாசல் திறந்தே இருந்தது. சுற்றுலா என்ற சொல்லுக்கு எங்கள் வடக்கு வாசகர் மனதில் ஏன் கசப்பு இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இது ஒன்றே போதும்.

இப்போது துறைமுகம் வளரப்போகிறது. அதை நவீனப்படுத்த இந்தியா 61.5 மில்லியன் அமெரிக்க டொலரை மானியமாகத் தருவதாக 2024இல் அறிவித்தது. துறைமுகம் வளர்வதை நான் எதிர்க்கவில்லை. ஆழமான துறை இருந்தால் சரக்கு வரும், வேலை வரும். ஆனால் துறைமுகத்துக்குப் பின்னால் தரிப்பிடமும், களஞ்சியமும், விடுதியும், கடைத்தொகுதியும் வரும். அவற்றுக்கு நிலம் வேண்டும். காணிப் பிரச்சினை முடியாத இடத்தில் ‘அபிவிருத்திக்குத் தேவை’ என்ற புதிய காரணம் ஒன்று பழைய ‘பாதுகாப்புக்குத் தேவை’யின் இடத்தில் வந்து அமர்ந்துவிடலாம். அச்சம் இதுதான்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் படகுச் சேவை வேறு, சொகுசுக் கப்பல் வேறு. படகுச் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றுபோனது. 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. அதில் வருபவர் உறவினரைப் பார்க்க வருகிறார், நல்லூருக்கு வருகிறார், சிறு வியாபாரத்துக்கு வருகிறார். அவர் ஊரில் சாப்பிட்டு, ஊரில் தங்கி, ஊர் ஓட்டோவில் போகிறார். சொகுசுக் கப்பலில் வருபவருக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே இருக்கின்றன. கரையில் அவர் செலவிடுவது சில மணித்தியாலங்கள். அந்தச் சில மணித்தியாலச் சுற்றுலாவும் பெரும்பாலும் கப்பலிலேயே விற்கப்படுகிறது.

கண்டியில் நாங்கள் இதைக் காண்கிறோம். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் பயணிகளை ஏற்றிய பேருந்துகள் தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் வந்து, மாலை கப்பல் புறப்படுவதற்கு முன் திரும்பிவிடுகின்றன. பேருந்து கொழும்பு முகவருடையது. வழிகாட்டியும் அவருடையவர். எந்தக் கடையில் நிறுத்துவது என்பதும் முன்னரே முடிவானது. பக்கத்துக் கடைக்காரருக்கு மிஞ்சுவது ஒரு தண்ணீர்ப் போத்தல் வியாபாரம். தெல்தெனியவரை அந்தப் பேருந்துகள் வருவதில்லை. எங்கள் பக்கம் வருபவர்கள் ஹுன்னஸ்கிரிய ஊடாக நக்கிள்ஸ் மலைக்குப் போகிறவர்களும், நீர்த்தேக்கத்தைப் பார்க்க வருகிறவர்களும்தான்.

தண்ணீருக்கு மேலே ஒரு காட்சி

விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரம். அதன் மின் உற்பத்தித் திறன் 210 மெகாவாட். பிரித்தானிய அரசின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட இதை 1985 ஏப்ரலில் மார்கரட் தட்சர் அம்மையார் நேரில் வந்து திறந்துவைத்தார். நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, வயல்களுக்கு நீர் கிடைத்தது. இதை மறுக்க முடியாது. பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த கிராமங்களும் நீருக்குள் போயின என்பதையும் மறுக்க முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பெரும்பாலானோர் சிங்கள விவசாயிகள். முஸ்லிம் வியாபாரிகளும், தமிழ்க் கடைக்காரரும், தோட்டத் தொழிலாளரும் இருந்தார்கள். கடையோ வயலோ உறுதியில் இருந்தவருக்கு நட்டஈடு பற்றிப் பேச ஒரு பிடி இருந்தது. லயன் அறையில் இருந்தவருக்குப் பேச உறுதியே கிடையாது.

வெளியேற்றப்பட்ட விவசாயிகளில் பலர் மகியங்கனைக்கு அப்பால் மகாவலி ‘சி’ வலயத்தில் குடியேற்றப்பட்டார்கள். அதே மகாவலித் திட்டத்தின் ‘எல்’ வலயம்தான் வடக்கில் மணலாற்றை வெலிஓயாவாக மாற்றியது. 1977 வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து போய் கென்ட், டொலர் பண்ணைகளில் குடிசை போட்ட எங்கள் சனம் 1984இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டது. மகாவலி என்றதும் வடக்கு வாசகருக்கு நினைவுக்கு வருவது மணலாறு. எங்களுக்கு நினைவுக்கு வருவது மூழ்கிய ஊர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும். ஓரிடத்தில் ஊரை இழந்த ஏழையை, அரசு இன்னோரிடத்தில் எல்லைக் கல்லாக நட்டுவைக்கிறது.

இன்று நீர்த்தேக்கக் கரையோரம் விடுதிகள் இருக்கின்றன. ராஜவெல்லப் பக்கம் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஏரிக் காட்சி என்றால் நிலத்தின் விலை ஏறும். அங்கே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். புல் வெட்டுகிறார்கள், அறை துப்புரவாக்குகிறார்கள். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய நகரின் சுவர்களும் படிகளும் வெளியே தெரியும். உடனே வானில் ஆட்கள் வந்து இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், பேஸ்புக்கில் போடுவார்கள். நான் பிறந்தது அந்தப் பழைய ஊரில். ஒருமுறை சேறு காய்ந்த தரையில் நின்று, தபாற்கந்தோர் இருந்த திசையை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கொஞ்சம் விலகி நிற்கமுடியுமா என்று கேட்டார்; படத்தில் நான் விழுந்துவிட்டேனாம். மரியாதையாகத்தான் கேட்டார். அவரில் பிழை இல்லை. காட்சியாகிவிட்ட இடத்தில் ஊர்க்காரன் இடைஞ்சலாகத் தெரிவது இயல்பு.

2018 மார்ச்சில் திகண, தெல்தெனியப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது அவசரகால நிலை பிரகடனமானது. அந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணிகள் வருகை பாதிக்கப்படுமே என்ற கவலை நிறையவே கேட்டது. எரிந்த கடையின் சொந்தக்காரர் எப்போது மீண்டும் கடை திறப்பார் என்ற கவலை அந்த அளவு கேட்கவில்லை.

கேட்கப்பட்ட கரைகள்

ஆர்க்டிக் பகுதியில் மனிதர் வாழ்கிறார்கள். ஆகவே எங்களுக்கு அந்தாட்டிக்காவைவிட ஆர்க்டிக்கே நெருங்கிய உதாரணம். எங்கள் உறவுகள் பெருமளவில் வாழும் கனடாவை எடுப்போம். 1953இலும் 1955இலும் கனடிய அரசு கியூபெக்கின் வடக்கே இனுக்ஜுவாக் பகுதியில் வாழ்ந்த இனுவிற் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் ரெசொலூட், கிரீஸ் பியோர்ட் ஆகிய இடங்களில் இறக்கியது. நல்ல வேட்டை கிடைக்கும், விரும்பாவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொன்னது. அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. வடதுருவத் தீவுகள் கனடாவுடையவை என்று காட்ட மனிதரைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்பதே அம்மக்களின் குற்றச்சாட்டு. 1996இல் 10 மில்லியன் டொலர் நிதியம் வந்தது. மன்னிப்பு 2010 ஓகஸ்டில்தான் வந்தது. இன்று அதே ஊர்களுக்குச் சொகுசுக் கப்பல்கள் போகின்றன. மணலாறு தெரிந்தவருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் வடக்கின் சில கரைகள் பேசத் தொடங்கியிருக்கின்றன. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகமுடியாது. குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இறங்கலாம். கிரீன்லாந்துப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் சுற்றுலாச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சுற்றுலா நிறுவனங்களின் உரிமை பெரும்பான்மையாக உள்ளூரவரிடம் இருக்கவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். துருவத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 32 ஆயிரம் பேர் வாழும் அலாஸ்காவின் ஜுனோ நகரம் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டுமே வரலாம் என்று கப்பல் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்தது. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 ஒக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. தோற்றாலும், கேள்வி ஊரவரிடம் கேட்கப்பட்டது.

எங்களுக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. 2022 ஜூனில் அதே கோர்டேலியா கப்பல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. அனுமதி கிடைக்காமல் பயணிகளை இறக்காமலே கப்பல் திரும்பியது. அந்த முடிவு சரியா பிழையா என்பது வேறு விவாதம். மறுத்துச் சொல்ல அங்கே ஓர் அரசு இருந்தது என்பதுதான் இங்கு முக்கியம்.

இந்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்றுதான். கரையில் அதிகாரமுள்ள சபை இருந்தால் கப்பல் நிறுவனம் இறங்கிவந்து பேசுகிறது. இல்லாவிட்டால் தலைநகரத்துடன் மட்டும் பேசிவிட்டு நங்கூரமிடுகிறது. கப்பலால் தீங்கு நேர்ந்தால் முதலில் அனுபவிப்பதும் கரைதான். 2021இல் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியபோது தொழில் இழந்தவர்கள் மீனவர்கள். ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2025 ஜூலைவரை காத்திருக்க நேர்ந்தது.

எதைக் கேட்பது?

2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஆகவே பிரதேச சபை இன்று மீண்டும் இருக்கிறது. மாகாண சபை இல்லை. இந்த நிலையில் கேட்கக்கூடியவை நான்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, துறைமுக விரிவாக்கத்துக்குத் தேவைப்படும் நிலம் எது, அது யாருடைய பெயரில் இருக்கிறது என்ற பட்டியல் வேலை தொடங்குமுன் வெளியிடப்படவேண்டும். காணிக்காரர் திரும்பிப் போகாத வளவில் தரிப்பிடம் எழக்கூடாது.

இரண்டாவது, கரையிறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சிறு கட்டணம் அறவிட்டு, அது நேரே வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும் என்று நம்பியிருப்பது வீண்.

மூன்றாவது, படகு, வாகனம், வழிகாட்டி, உணவு என்பவற்றில் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கும் முதலிடம் வேண்டும். படையினர் விடுதித் தொழிலிலிருந்து விலகவேண்டும். சம்பளமும் காணியும் அரசிடமிருந்து பெறும் ஒரு படையுடன், கடன் எடுத்து விடுதி கட்டிய குடும்பம் எப்படிப் போட்டியிடும்?

நான்காவது, எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. நயினாதீவும் நெடுந்தீவும் சிறிய தீவுகள். நெடுந்தீவில் குடிநீரே ஒரு பிரச்சினை. ஒரே நாளில் எத்தனை பேர் என்பதை அங்குள்ள மக்கள் தீர்மானிக்கவேண்டும்.

இவற்றைக் கேட்பது அபிவிருத்திக்கு எதிரான குரல் என்று சொல்வார்கள். 1980களில் எங்கள் ஊரிலும் அதைத்தான் சொன்னார்கள். அணை வேண்டாம் என்று பெரும்பாலானோர் சொல்லவில்லை. எங்கே போவோம், என்ன கிடைக்கும், யார் முடிவெடுப்பார் என்றுதான் கேட்டார்கள். எழுத்தில் பதில் வாங்காமல் எழும்பிப் போனவர்களுக்கு, தண்ணீர் ஏறிய பிறகு கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

காங்கேசன்துறையில் தண்ணீர் இன்னும் ஏறவில்லை. மானியப் பணம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, வேலை முழுவதாக முடியவில்லை, பிரதேச சபைக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய நேரம் இதுதான். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.